ராசிக்கு ஒரு மூச்சு: உங்கள் அனுபவம் என்ன?

லாஸ்பேட்டை வாசகி:

ராசி பார்த்து ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கிற ஒரு வகுப்புக்குப் போய் வந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கிறது, பெயர் வேண்டாம். சேரும்போது பிறந்த தேதி மட்டும் கேட்டார்கள், நட்சத்திரம் கேட்கவில்லை. ஆகஸ்ட் 10 என்றேன். "சிம்மம், நெருப்பு ராசி, உங்களுக்கு உடம்பில் சூடு ஜாஸ்தி" என்று சொல்லி ஒரு அட்டையை நீட்டினார்கள். அதில் சீதளி, இடது மூக்கால் இழுத்து வலதால் விடுகிற சந்திர பேதனம், முன்குனியும் ஆசனங்கள். வேக வேகமாக இழுத்து விட்டுச் சூடு கிளப்பும் பஸ்திரிகா பக்கமே போகக்கூடாதாம்.

நான் திருவோணம், மகர ராசி. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதும்போதும் மகரம்தான், ஏழரைச் சனி வந்தபோது திருநள்ளாறு போனதும் மகரத்துக்காகத்தான். இங்கே வந்தால் சிம்மம் என்கிறார்கள். மகரத்துக்கு என்ன என்று பக்கத்தில் இருந்தவரின் அட்டையை வாங்கிப் பார்த்தால், நில ராசியாம், மந்தமாம், வலது மூக்கால் இழுத்து இடதால் விடுகிற சூரிய பேதனம் செய்து உடம்பைச் சுறுசுறுப்பாக்க வேண்டுமாம். ஒன்று தணிக்கச் சொல்கிறது, இன்னொன்று கிளப்பச் சொல்கிறது.

சீதளி எனக்குப் பிடித்துப் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கை இரண்டு ஓரமும் மேலே மடித்துக் குழாய் மாதிரி வெளியே நீட்டி, அதன் வழியாகக் காற்றை உறிஞ்ச வேண்டும். உள்ளே போகும் காற்று நாக்கின் நடுவில் சில்லென்று படும். வாயை மூடி மூக்கால் விட வேண்டும். வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அவருக்கு நாக்கு மடியவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று முக்கி முக்கிப் பார்த்தார். சிலருக்குப் பிறவியிலேயே மடியாதாம். அப்படிப்பட்டவர்கள் பல்லைச் சேர்த்துவைத்து இடுக்கு வழியாக "ஸ்ஸ்" என்று இழுக்கிற சீத்காரி செய்யலாம். அவரும் அதைத்தான் செய்கிறார், ஆனால் குழந்தைகள் சிரிக்கிறார்கள் என்று மாடிக்குப் போய்விடுகிறார்.

உங்களில் யாராவது ராசிப்படி செய்து பார்த்திருக்கிறீர்களா?

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:

அம்மா, உங்களுக்கு மூன்றாவது ராசி ஒன்றும் இருக்கிறது. அந்த வகுப்பில் சொன்னது மேல்நாட்டுக் கணக்கு. சூரியன் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள், அதையும் பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் மாத நாளிலிருந்து எண்ணுவார்கள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். ஆகஸ்ட் 10 நமக்கு ஆடி மாதம். ஆடியில் சூரியன் கடகத்தில். ஆக அவர்கள் கணக்கில் சிம்மம் நெருப்பு, நம் சூரியக் கணக்கில் கடகம் நீர், சந்திரன் நின்ற நட்சத்திரப்படி மகரம் நிலம். பௌர்ணமியை ஒட்டிப் பிறந்திருப்பீர்கள், அதனால்தான் கடகத்துக்கு நேர் எதிரே மகரம். அந்த வகுப்பில் நீங்கள் மூன்று அட்டை கேட்டு வாங்கியிருக்கலாம்.

ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் கும்பகங்கள், அதாவது மூச்சை அடக்கும் பயிற்சிகள், எட்டு சொல்லியிருக்கிறது: சூரிய பேதனம், உஜ்ஜாயி, சீத்காரி, சீதளி, பஸ்திரிகா, பிராமரி, மூர்ச்சை, பிலாவினி. எது வாதத்துக்கு, எது பித்தத்துக்கு, எது கபத்துக்கு என்ற பேச்சு உண்டு. மேஷம் ரிஷபம் என்ற பேச்சு அந்த இடத்தில் இல்லை.

ஆனால் நம் ஊரில் மூச்சுக்கும் கிரகத்துக்கும் முடிச்சுப் போட்டதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் வார சரம் என்று ஒரு பகுதி இருக்கிறது, சரம் என்றால் மூக்கில் மூச்சு ஓடும் ஓட்டம். வெள்ளி, திங்கள், புதன் இந்த மூன்று நாளும் இடது மூக்கில் மூச்சு ஓட வேண்டும். சனி, ஞாயிறு, செவ்வாய் வலது. வியாழன் மட்டும் பிறையைப் பார்த்து மாறும். சரம் பார்ப்பது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இதில் பிறந்த தேதிக்கு வேலையில்லை, ஊரில் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

என் அப்பா பண்ருட்டியில் பலா வியாபாரம். மண்டிக்குக் கிளம்பும்போது வாசல்படியில் நின்று புறங்கையை மூக்கடியில் வைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் காற்று பலமாக வருகிறதோ அந்தப் பக்கத்துக் காலைத்தான் முதலில் வெளியே வைப்பார். விலை படியாத நாளிலும் சரத்தைக் குறை சொன்னதில்லை, பழத்தைத்தான் குறை சொல்வார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே பார்க்கத் தொடங்கினேன், நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். கிழமையோடு சில நாள் ஒத்துப்போகும், சில நாள் போகாது. ஆனால் ஒன்று பெரும்பாலும் தப்புவதில்லை: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எழுந்தால் வலது மூக்கு திறந்திருக்கும், வலப்பக்கம் படுத்தால் இடது. கீழ்ப்பக்கம் இருக்கிற மூக்கில் ரத்தம் தேங்கி உள்சதை தடித்துக்கொள்ளும், மேல்பக்கம் லேசாகும். அதோடு சும்மா இருக்கும்போதே சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கு பக்கம் மாறிக்கொள்வதை மருத்துவர்களும் சொல்கிறார்கள். பழைய ஆட்கள் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிழமையோடு சேர்த்ததைத்தான் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முத்தியால்பேட்டை தம்பி:

எனக்கு நடந்தது கொஞ்சம் கசப்பு. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டேன். நண்பன் ஒருவன் ராசி யோகா என்று ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே நம் முறைப்படி நட்சத்திரம் கேட்டார்கள், ரேவதி, மீனம் என்றேன். "நீர் ராசி, கபம் தேங்கும், பஸ்திரிகாவால் எரித்துவிடலாம்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். அதுவும் ஐப்பசி அடைமழை. ஜன்னலை மூடிய அறை, சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை வாடை. துருத்தி ஊதுகிற மாதிரி வேக வேகமாக இழுத்து விடச் சொன்னார். எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனார். நெஞ்சு இறுகி, விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. சொன்னால், "கபம் வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். நான் எழுந்து வெளியே வந்து இன்ஹேலர் அடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

அதன் பிறகு கீதானந்தர் வழியில் பயின்ற ஓர் அம்மாவிடம் போனேன். சுவாமி கீதானந்தர் 1968இல் புதுச்சேரியில் ஆனந்தா ஆசிரமம் தொடங்கிய யோக ஆசிரியர், தட்டாஞ்சாவடி கம்பளி சுவாமி மடத்தின் பரம்பரையில் வந்தவர், இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த அம்மா ராசி கேட்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், கடைசியாக எப்போது மூச்சு வாங்கியது, இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிறகு கையை வயிற்றில் வைக்கச் சொன்னார். அங்கே மட்டும் காற்று போய் வர வேண்டும், அது அதம பிராணாயாமம். அடுத்து விலாவின் இரண்டு பக்கமும் கை, அது மத்யம. அப்புறம் காறை எலும்புக்குக் கீழே, ஆத்ய. மூன்றும் தனித்தனியாக வந்த பிறகுதான் சேர்த்துச் செய்யும் மஹத் யோக பிராணாயாமம். எனக்கு விலாப் பக்கம் அசையவே இல்லை, மேல் நெஞ்சாலேயே இத்தனை வருஷம் மூச்சு விட்டிருக்கிறேன். அதைப் பிடிக்கவே பல வாரம் ஆனது. அவசரமே படவில்லை அவர். இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

சிதம்பரத்து அத்தை:

எல்லோரும் ராசியைத் திட்டுகிறீர்கள், நான் ஒரு வார்த்தை அதற்காகப் பேசுகிறேன். என் மகள் பத்தாவது படிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் தூக்கம் வராது, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிராணாயாமம் செய் என்று நான் சொன்னபோதெல்லாம் "போம்மா" தான். சிதம்பரம் பொன்னம்பலத்துக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கு ஓர் ஓடு என்பார்களே, அதைச் சொன்னேன். நிமிஷத்துக்கு 15 வைத்தால் ஒரு நாளுக்குச் சரியாக 21,600 வருகிறது, நாழிகைக் கணக்கில் நாழிகைக்கு 360. கணக்கு நன்றாக இருக்கிறது என்றாள், உட்காரவில்லை.

ஒருநாள் செல்பேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "விருச்சிகத்துக்குப் பிராமரிதானாம், ரகசியத்தை உள்ளேயே வைத்திருக்கிறவங்களாம்" என்றாள். அன்றைக்கே காதை இரண்டு கட்டைவிரலாலும் அடைத்துக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தாள். படுக்கும் முன் தினமும் செய்கிறாள், தூங்கியும் விடுகிறாள். அவளுடைய ராசி விருச்சிகம் இல்லை, அனுஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், உண்மையில் சுவாதி, துலாம். இப்போதைக்கு நான் சொல்வதாக இல்லை.

புதுச்சேரி செவிலியர்:

தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவர்கள், இதய நோயாளிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பஸ்திரிகாவும், வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் செய்யக் கூடாது. எந்த ராசியாக இருந்தாலும் இதுதான். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பெரியவர், துலாம் காற்று ராசி, மூச்சே எனக்கு மருந்து என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்திருந்தார். நல்லவேளை, தலைச்சுற்றலோடு போயிற்று.

மூச்சில் பலன் இல்லை என்று சொல்லவில்லை. இடது மூக்கால் மட்டும் இழுத்து இடது மூக்காலேயே விடுகிற சந்திர நாடியை 27 சுற்று செய்தால் ரத்த அழுத்த நோயாளிகளுக்கு உடனடியாக என்ன ஆகிறது என்று புதுச்சேரி ஆய்வாளர்கள் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். நாடித் துடிப்பும் மேல் அழுத்தமும் குறைந்தன. ஆனால் அது அந்த நேரத்துப் பலன், மாத்திரைக்குப் பதில் அல்ல.

லாஸ்பேட்டை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. அத்தை, மகளிடம் சொல்லாதீர்கள். நான் அட்டையைப் பீரோவில் போட்டுவிட்டேன். சீதளியைச் சித்திரை வைகாசி வெயிலில் மட்டும் வைத்துக்கொள்கிறேன், மழைக்காலத்தில் செய்தால் எனக்குத் தொண்டை கட்டுகிறது. புதுச்சேரி நகரத்துக் கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள் இல்லையா, அதற்குள் நடந்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்து செய்வது வசதியாக இருக்கிறது. ஜனவரியில் சுற்றுலாத் துறை நடத்தும் யோகா விழாவுக்கு இந்தத் தடவை வீட்டுக்காரரையும் இழுத்துப்போகப் போகிறேன்.

வாத்தியார் ஐயா, வியாழனுக்குப் பிறை பார்க்க வேண்டும் என்றீர்களே, எந்தப் பிறைக்கு எந்த மூக்கு?

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:

வளர்பிறையில் இடது, தேய்பிறையில் வலது. இன்று எனக்கு இரண்டும் அடைத்திருக்கிறது அம்மா, நொச்சி போட்டு ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறேன்.