சினை நெத்திலி பார்த்தவர்கள் உண்டா?

மணப்பாட்டுக்காரி:
ஆடி மாசம் எங்கள் கரையில் நெத்திலிப் பாடு நன்றாக இருக்கும். ஆய்வதற்குக் கத்தி வேண்டாம், தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். போன ஆடியில் அப்படி ஆய்ந்துகொண்டிருந்தபோது பாதிக்கு மேற்பட்ட மீன்களில் குடலோடு இளமஞ்சளாக ஒரு ஜோடிச் சினையும் சேர்ந்து வந்தது. விரல் நீளம்கூட இல்லாத மீன், வயிற்றில் பாதி இடத்தைச் சினையே பிடித்திருந்தது. மாமியாரிடம் காட்டினேன். "அது எப்பவும் அப்படித்தான்ளா. நெத்திலி சினையில்லாத மாசம் எது?" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், மீன் இனப்பெருக்கத்துக்காக என்று வருஷா வருஷம் செய்தியில் சொல்கிறார்களே, அப்புறம் ஆடியில் ஏன் சினை? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மீன்வளம் படித்தவன்:
உங்கள் மாமியாருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த காலத்தில் நெத்திலிச் சினையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே சினைப்பையில் எல்லாப் பருவத்து முட்டையும் இருக்கும். நீர் ஏறித் தெளிந்து வெளிவரத் தயாராக ஒரு கூட்டம், மஞ்சள்கரு சேர்ந்துகொண்டிருப்பது ஒரு கூட்டம், பொடியாகக் காத்திருப்பது ஒரு கூட்டம். முதல் கூட்டம் போனதும் அடுத்தது முதிரும். இப்படி ஒரே மீன் ஒரு பருவத்தில் பலமுறை முட்டையிடும். அதோடு நாம் நெத்திலி என்று வாங்குவது ஒரே இனமும் அல்ல. ஸ்டோலிபோரஸ், என்க்ராசிகோலினா என்று இரண்டு பேரினங்களைச் சேர்ந்த பல இனங்கள். உச்ச மாதம் இனத்துக்கு இனம் மாறுவதால் வருஷம் பூராவும் எங்காவது சினை மீன் மாட்டிக்கொண்டுதான் இருக்கும்.

முட்டையிடுவது இரவில். விடியற்காலையில் மிதவை உயிரிகளுக்கான மெல்லிய வலையை இழுத்து, கிடைத்ததைத் தட்டில் ஊற்றிப் பார்ப்போம். மற்ற மீன் முட்டைகள் பெரும்பாலும் உருண்டை. நெத்திலி முட்டை மட்டும் சீரகச் சம்பா அரிசி மாதிரி நீண்டு கிடக்கும், நீளம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். சில இனங்களில் ஒரு முனையில் சின்னக் குமிழும் இருக்கும். நம் கடலின் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது, கண்ணில் கறுப்பு ஏறியிருக்காது. கூடவே கொண்டு வந்த மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் வாய் திறந்து, அந்த வாய்க்குப் பொருந்துகிற நுண்ணுயிர் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். கலிபோர்னியாக் கடலில் ரூபன் லாஸ்கர் என்ற மீன்வள விஞ்ஞானி 1970களில் கவனித்தது இதைத்தான். கடல் அமைதியாக இருந்தால் நுண்ணுயிர்கள் அடுக்காகத் தேங்கி நிற்கும், குஞ்சு தின்று பிழைக்கும். புயல் வந்து கலக்கிவிட்டால் அடுக்கு சிதறிக் குஞ்சு பட்டினி கிடக்கும். எத்தனை கோடி முட்டை போட்டாலும் அந்தச் சில நாட்களில்தான் பாதிக் கதை முடிகிறது.

தடைக்காலத்துக்கு வருகிறேன். அது விசைப்படகுகளுக்கு. உங்கள் கரையில் நெத்திலி கொண்டுவரும் நாட்டுப்படகுகள் அப்போதும் போகலாம். தடையைக் குறை சொல்லவில்லை, வேறு பல மீன்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் நெத்திலியை மாதம் பார்த்துக் காப்பாற்ற முடியாது, வலைக்கண்ணி பார்த்துத்தான் முடியும். ஆயுளே ஏறக்குறைய ஓராண்டு. சிறு இனங்கள் ஆறேழு சென்டிமீட்டரில் முதிர்கின்றன. அதற்கு முன்பே அள்ளிவிட்டால் ஒரு தடவைகூட முட்டையிடாமல் போய்ச் சேரும்.

குளச்சல் தட்டுமடி:
ஆடியில உங்க பக்கம் குமியுதுன்னா அதுல எங்க மீனும் உண்டு! தென்மேற்குக் காத்து அடிச்சா மேல இருக்கிற தண்ணிய வெளிய தள்ளிரும், அடியில இருந்து குளுந்த தண்ணி ஏறும். அப்பா கைய விட்டுப் பாத்துட்டு "நெத்தோலி கெழக்க போயாச்சி"ன்னு சொல்லுவாரு. சரியாத்தான் இருக்கும்.

மீன்வளம் படித்தவன்:
உங்கள் அப்பா கையால் கண்டதை 1970களில் கொச்சியை மையமாக வைத்து நடந்த பெலாஜிக் ஃபிஷரி ப்ராஜெக்ட் என்ற மேல்நீர் மீன் ஆய்வுத் திட்டம் எதிரொலிக் கருவி போட்டுக் கண்டது. மழைக்காலத்தில் மேற்குக் கரை நெத்திலி தெற்கே இறங்கி, கன்னியாகுமரியைச் சுற்றி மன்னார் வளைகுடாவில் கூடுகிறது. மழை ஓய்ந்ததும் திரும்பிப் பரவுகிறது. ஏறிவருகிற அந்தக் குளிர்ந்த நீரில் ஆக்சிஜனும் குறைவு.

முல்லைத்தீவான்:
எங்கட பக்கம் சோளகம், அதான் தென்மேற்குக் காத்து, எழும்பினாத்தான் கடல் அடங்கும், கரைவலை வளைப்பினம். நெத்தலி வாற நாளில தண்ணி ஒரு இடத்தில மட்டும் கறுத்துத் தெரியும், கீழ பாரை துரத்துறதால நெத்தலி சிலுசிலுவெண்டு மேல துள்ளும். நான் மறக்காதது ஒருக்கா மடிக்குள்ள வந்த பொடிக் குஞ்சுகள். உடம்பு ஊடுருவித் தெரியுது, கறுத்த கண் ரெண்டும் முள்ளும்தான் மீன் எண்டு காட்டுது. வலைச் சொந்தக்காரர் சம்மாட்டி அதைக் கடலுக்க திருப்பி ஊத்தச் சொன்னார். ஊத்தி என்ன, முக்காவாசி அதுக்குள்ள செத்துப்போச்சு. இப்ப உழவு மெசினில வின்ச் பூட்டி இழுக்கிறதும் வந்திட்டுது, அதைப் பற்றி ஊர் ரெண்டுபட்டு நிக்குது.

ஈப்போ அக்கா:
இங்கே மலேசியாவில் பங்கோர் தீவுக்குப் போயிருந்தப்போ பார்த்தேன், அங்கே இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலி, பிடிக்கிற படகிலேயே அடுப்பு இருக்கு. பிடிச்ச கையோட கூடையில் அள்ளி, கொதிக்கிற உப்புத் தண்ணியில் முக்கி எடுத்துடுறாங்க. கரைக்கு வந்தா காய வைக்கிற வேலை மட்டும்தான். ஏன் அவ்வளவு அவசரம்னு கேட்டேன், வயிறு வெடிச்சிடும்னாங்க.

மீன்வளம் படித்தவன்:
ஆமாம். தின்ற மிதவை உயிரிகளைச் செரிக்க வைத்திருக்கும் நொதி, மீன் செத்த பிறகு அதன் வயிற்றையே கரைக்க ஆரம்பிக்கும். கொதிநீர் அந்த நொதியை நிறுத்திவிடும். சந்தையில் வாங்கும்போதும் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டு வெள்ளிக் கோடு பளபளவென்று இருந்தாலும் வயிறு கிழிந்திருந்தால் வாங்காதீர்கள்.

மணப்பாட்டுக்காரி:
மாமியார் அடுத்த கேள்வி அனுப்பியிருக்கிறார். பொருவாவும் நெத்திலிச் சொந்தம்தானே, அதன் முட்டையும் அரிசி மாதிரியா?

மீன்வளம் படித்தவன்:
சொந்தம்தான், ஒரே குடும்பம். ஆனால் பொருவா முட்டை உருண்டை. தட்டில் மற்ற முட்டைகளோடு கலந்து கிடந்தால் பிரித்தெடுக்கக் கண் பழக வேண்டும்.