செட்டிநாட்டுப் பக்கம் ரெண்டு பேரா கார்ல சுத்தினவங்க, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைப் பத்தி எழுதுங்க

கண்மாய்க்கரை

மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி எல்லாம் வழக்கமான ரூட்தான், அதை விட்டுடறேன். கானாடுகாத்தான். வெயில் தாழ்ற நேரம், தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. ஒரே வீடு இந்தத் தெருவில் ஆரம்பிச்சு அடுத்த தெருவில் முடியும்னு உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திட்டு மேலே இருந்த சுதை பொம்மைகளை அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தோம். வீட்டைப் பார்த்துக்கிற பெரியவர் வெளியே வந்தார். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க ஆத்தா, வளவு வரைக்கும் பாக்கலாம்"னார். வளவுன்னா வீட்டுக்கு நடுவில் இருக்கிற முற்றம். நாங்க கேட்கவே இல்லை.

முகப்பில் நின்னா கதவுக்குப் பின்னாடி கதவு, எல்லாம் ஒரே நேர்கோட்டில் போய்க் கடைசியில் பின்தெரு வெளிச்சம் தெரியுது. எங்க வீட்டுக்காரர் தேக்குத் தூணை விட்டு நகரலை. என் கண்ணு வளவோரம் திறந்து கிடந்த அறைக்குப் போச்சு. பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்குன்னு உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கு. ஒவ்வொண்ணுலயும் குடும்பத்து இனிஷியல் வெட்டியிருக்கு. அத்தனையும் கறுத்துப் பச்சை பூத்துக் கிடக்க, ஒரே ஒரு அண்டாவும் ஒரு ஜோடி விளக்கும் மட்டும் தகதகன்னு இருந்துச்சு. பக்கத்துல தேய்ச்ச புளி இன்னும் ஈரமா இருக்கு.

"படைப்புக்கு வருவாக. போன வருசம் வரல, அதுக்கு முந்தியும் வரல. திடீர்னு வந்து நின்னா வெளக்கு அழுக்கா இருக்கப்படாதுல்ல"ன்னார். படைப்புன்னா குடும்பமா கூடி முன்னோருக்குப் படையல் வைக்கிறது. அவ்வளவுதான் சொன்னார். காரைக்குடி வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலை. அந்த வருசமாவது அவங்க வந்தாங்களா? யாருக்காவது தெரியுமான்னு கேட்கக்கூட வழியில்லை, அந்த வீட்டுச் சொந்தக்காரங்க பேரைக்கூட நாங்க கேட்டுக்கலை.

பொன்னமராவதி மருமகள்

படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, நிஜம். ஆனா "வரல"ங்கிற ஒரு சொல்லை வெச்சு அந்தக் குடும்பத்தைத் தப்பா நினைச்சிடாதீங்க. ஒரு வீட்டுக்குப் பங்காளிங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் மலேசியா. ஓடு மாத்தணும்னாலும் எல்லார் சம்மதமும் வேணும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைச்ச சுவரில் ஒரு இடம் பெயர்ந்தா, அதே வழவழப்புல பூசத் தெரிஞ்ச கொத்தனார் எங்கே கிடைக்கிறார்? பூட்டியாவது வெச்சிருக்காங்களேன்னு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஏன்னா பூட்டாத வீடு என்ன ஆச்சுன்னு பார்த்திருக்கேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, பழைய சாமான் கடைங்க இருக்கிற தெரு. நானும் அவரும் சும்மா நடந்து போறோம். ஒரு கடை வாசலில் இடிச்ச வீட்டு வாசல் நிலையைச் சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்காங்க. மேலே கஜலட்சுமி. அந்தக் கட்டையில் மஞ்சளும் குங்குமமும் அப்படியே ஒட்டியிருக்கு. தொட்டுப் பார்த்தேன், விரல்ல வந்துச்சு. அவர் "வா போலாம், வா போலாம்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்.

மதுரைக்காரன்

நீங்க எல்லாரும் வீட்டையே சொல்றீங்க. வர்ற வழியில் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய் இருக்கே, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், யாரும் நிறுத்தலையா? 1977-லேயே சரணாலயம் ஆன இடம். பறவைங்க மிரளும்னு தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர், பேப்பர்ல வருசா வருசம் வருமே.

நாங்க போனது மார்கழியில். மரம் பூரா நத்தைக்குத்தி நாரை. ரோட்டுல ஆட்டுமந்தை குறுக்கே வர, எங்களுக்கு முன்னாடி நின்ன கார் ஹாரனை அமுக்கி எடுத்துட்டான். அரை டவுசர் போட்ட ஒரு பையன் கண்மாய்க்கரையிலேர்ந்து ஓடி வந்து அந்தக் கார் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, குஞ்சு இருக்குண்ணே"ன்னான். கத்தலை. காதுகிட்ட ரகசியம் சொல்ற மாதிரி சொன்னான். அந்த ஆளும் கையை எடுத்துட்டார். என் மனைவி மதுரையில் ஏறினதிலிருந்து வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தவ, அதுக்கப்புறம் திருப்பத்தூர் தாண்டியும் கிசுகிசுன்னுதான் பேசினா. அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பாங்கன்னு இன்னிக்கும் கேட்டுக்கிட்டே இருக்கா.

ரெண்டாவது கியர்

எங்களுக்குத் திருமயம். கிழவன் சேதுபதி 1687-ல் கட்டின கோட்டை. உச்சியில் பீரங்கிகிட்ட காத்து அடிச்ச அடியில் வீட்டம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கல்யாணமான புதுசுல நின்னது மாதிரி. எங்க கதை அவ்வளவுதான்.

புதுசா போறவங்களுக்குச் சொல்றேன். பிள்ளையார்பட்டியைக் காலையிலேயே முடிச்சிடுங்க, மத்தியானம் நடை சாத்திடுவாங்க. அப்புறம் குன்றக்குடி, காரைக்குடி. ஆத்தங்குடியில் டைல்ஸ் பார்க்க அரை மணி நேரம் தாராளம். கானாடுகாத்தான் சாயங்காலத்துக்கு முன்னாடி. திருமயம் கோட்டையைக் கடைசியா வைங்க, ஆனா சாத்துறதுக்குள்ள ஏறிடணும். உச்சி வெயிலில் ஏறினா பாறை காலைப் பொசுக்கிடும். அறுவடை சமயத்துல கிராமத்து ரோட்டுல பாதிக்கு நெல் காயப் போட்டிருப்பாங்க. அதுமேல ஏத்தாதீங்க, அது அவங்க வருசத்துச் சோறு. பிரேக் போட்டா டயரும் வழுக்கும். பொழுது சாய்ஞ்சா மாடுங்க வீடு திரும்புற நேரம், வேகத்தைக் குறைங்க. ஹை பீம் போட்டா எதிர்ல சைக்கிள்ல வர்றவருக்குக் கண்ணு தெரியாது. ஓட்டுறவர் ஓட்டட்டும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் வழி பார்க்கட்டும். போனைப் பார்க்கிறதுக்கா ரெண்டு பேரா போறீங்க? டேங்கைக் காரைக்குடியிலேயே நிரப்பிக்கங்க.

பின்சீட்டு

ரெண்டாவது கியர் சார், நெல் விஷயம் நூத்துக்கு நூறு. ஆத்தங்குடிக்கு அரை மணி நேரம்னு சொன்னதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

நாங்க நின்ன பட்டறையில் ஒரு அக்கா கண்ணாடித் தகடு மேல இரும்புச் சட்டத்தை வெச்சு, கரண்டியால கலரை ஊத்திக்கிட்டிருந்தாங்க. கண்ணால மட்டும்தான் அளவு, கை நடுங்கவே இல்லை. என் மனைவி பக்கத்துல குத்தவெச்சு உட்கார்ந்து பார்த்ததைப் பார்த்துட்டு, ஒரு இதழை மட்டும் விட்டுவெச்சு, "நீ ஊத்து தாயி"ன்னு கரண்டியைக் கையில் கொடுத்துட்டாங்க. பச்சை. ஊத்தி முடிச்சதும் சட்டத்தை எடுத்துட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் பண்ணிட்டாங்க. பூ மறைஞ்சு போச்சு. அப்புறம் தகட்டோட தூக்கிப் பிடிச்சு, "கீழேருந்து பாரு"ன்னாங்க. கண்ணாடிக்கு அடியில் பூ முழுசா இருக்கு, இவ ஊத்தின இதழ் மட்டும் ஒரு நூல் தடிமன் கூட. "அது அப்படியே இருக்கட்டும்"னு சொல்லிட்டு அடுத்த தகட்டைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

காய்ஞ்சு, தண்ணியில் ஊறி, அப்புறம்தான் கண்ணாடி பிரியுமாம். அதுவரைக்கும் இருக்க முடியலை. இதுக்கே எங்களுக்கு மதியம் பூரா போச்சு, திருமயம் பார்க்கவே இல்லை. நேரக்கணக்கு போட்டுக்கிட்டுப் போயிருந்தா வாசலிலேயே போட்டோ எடுத்துட்டுத் திரும்பியிருப்போம். ஆத்தங்குடிக்குப் போறவங்க அன்னிக்கு வேற ஊரே வெச்சுக்காதீங்க.