ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்தான் முதல் சினிமா ஸ்டாரா?

பழையரீல்:
ஊமைப்படங்கள் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன், அபத்தமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு வீடியோவில் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற அமெரிக்க நடிகையைப் பற்றிச் சொன்னார்கள். உலகின் முதல் சினிமா ஸ்டார் அவர்தானாம், டிராம் மோதிச் செத்துப்போனார் என்று அவருடைய முதலாளியே புரளி கிளப்பிவிட்டு அப்புறம் அவரை உயிரோடு ஊர் ஊராகக் காட்டினாராம், போதாததற்குக் காரின் இண்டிகேட்டரையும் வைப்பரையும் கண்டுபிடித்தவரும் அவரேயாம். ஒரே ஆளுக்கு இவ்வளவா? இதில் எது நிஜம், எது அள்ளிவிட்டது? அவர் படங்கள் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?

ஊமைப்படப்பித்தன்:
பாதி நிஜம், பாதி மசாலா. ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1886ல் கனடாவின் ஹாமில்டனில் பிறந்தவர். அம்மா சொந்த நாடகக் குழு நடத்தியவர், அதனால் நடக்கப் பழகியதும் மேடைதான், 'பேபி ஃப்ளோ' என்று. எடிசன், வைட்டாகிராஃப் படக் கம்பெனிகளில் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பிறகு 1908ல் நியூயார்க்கின் பயோகிராஃபுக்கு வருகிறார். அப்போது அங்கே டி.டபிள்யூ. கிரிஃபித் புதிதாக இயக்கத் தொடங்கியிருந்த நேரம். 14ஆவது தெருவில் ஒரு பழைய மாளிகைதான் ஸ்டுடியோ, படமெல்லாம் ஒரே ரீல், பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு வருடத்துக்குள் அறுபது படங்களுக்கு மேல். ஒரு வாரம் ஷேக்ஸ்பியர், அடுத்த வாரம் டால்ஸ்டாய், நடுவில் ஜோன்ஸ் தம்பதி என்று ஒரு காமெடி வரிசை.

இத்தனையிலும் திரையில் அவர் பெயர் ஒரு தடவைகூட வராது. பயோகிராஃப் நடிகர் பெயரை வெளியே விடாது, பெயர் தெரிந்தால் சம்பளம் ஏறும் என்று பயம் என்பார்கள். ஐந்து சென்ட் கொட்டகைகளில் படம் பார்த்த ஜனங்கள்தான் 'பயோகிராஃப் பெண்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அவர் யார் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். அதாவது பெயர் தெரிவதற்கு முன்பே ரசிகர் கூட்டம் இருந்தது. என்னைக் கேட்டால் அவர் கதையில் முக்கியமான விஷயம் இதுதான். டிராம் கதை அதற்கு அப்புறம்தான்.

1909ல் அவரும் கணவர் ஹாரி சோல்ட்டரும் கூடுதல் சம்பளத்துக்கு எஸ்ஸனே கம்பெனிக்கு எழுதிப்போட, அவர்கள் அந்தக் கடிதத்தைப் பற்றி நேராக பயோகிராஃபிடமே போய்ச் சொல்லிவிட்டார்கள். எடிசன் தலைமையில் பெரிய படக் கம்பெனிகள் சேர்ந்திருந்த கூட்டணியில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. அந்தக் கூட்டணியை எதிர்த்துக்கொண்டிருந்த கார்ல் லெம்லி (பின்னாளில் யுனிவர்சல் தொடங்கினாரே, அவர்தான்) தன் ஐ.எம்.பி. கம்பெனிக்கு அவர்களைக் கொத்திக்கொண்டு போனார்.

புரளிக்கு வருவோம். 1910 மார்ச்சில் 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' என்ற வர்த்தகப் பத்திரிகையில் லெம்லி கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. எங்கள் நடிகை செத்துவிட்டதாக எதிரிகள் செயின்ட் லூயிஸில் பொய் பரப்புகிறார்கள், அவர் நலமாக இருக்கிறார் என்று. அந்த மாதக் கடைசியில் கிங் பேகட் என்ற நடிகரோடு அவர் அதே ஊருக்குப் போக, ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. விளம்பரமும் பயணமும் சந்தேகமில்லாமல் நடந்தவை. ஆனால் அந்தப் புரளியை லெம்லியே கட்டிவிட்டார் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அவரது குணத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

கியர்பாக்ஸ்:
கார் விஷயத்துக்கு மட்டும் நான் வருகிறேன். அந்தக் காலத்திலேயே சொந்தமாகக் கார் வைத்து ஓட்டிய பெண் அவர், எந்திரத்தின் மேல் நிஜமான பைத்தியம். 1914 வாக்கில் பொத்தானை அழுத்தினால் வண்டியின் பின்னால் ஒரு கை எழும்பித் திரும்பும் பக்கத்தைக் காட்டுகிற மாதிரி ஒன்று செய்தார், பிரேக்கை மிதித்தால் 'ஸ்டாப்' என்ற பலகை எழும்புகிற மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் காப்புரிமை வாங்கவில்லை. இதிலிருந்து இன்றைய மின்னும் இண்டிகேட்டரை அவர்தான் கண்டுபிடித்தார் என்று தாவுவது அதிகம், கை வடிவ விளக்குக்கு 1909லேயே வேறொருவர் காப்புரிமை வாங்கியாயிற்று.

வைப்பர் அவர் அம்மா சார்லட் பிரிட்ஜ்வுட்டுடையது! மின்சாரத்தில் ஓடும், ரப்பர் உருளை வைத்தது, 1917 காப்புரிமை. அதிலும் அம்மாவுக்குக் காசு தேறவில்லை. கையால் இயக்கும் வைப்பருக்கு மேரி ஆண்டர்சன் என்பவர் 1903லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். வீடியோக்காரர்கள் அம்மாவையும் மகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

காஃபிக்கடை:
பித்தன் அண்ணே, 'முதல் ஸ்டார்' பற்றி நழுவிவிட்டீர்களே. எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. 1910 ஜனவரியிலேயே காலெம் கம்பெனி தன் நடிகர்கள் படத்தைப் பெயர்களோடு வெளியிட்டாயிற்று. வைட்டாகிராஃபின் ஃப்ளாரன்ஸ் டர்னரும் அதே ஆண்டில் ரசிகர்களை நேரில் சந்தித்திருக்கிறார். பிரான்சில் காமெடி நடிகர் மாக்ஸ் லிண்டர் இருந்தார். லெம்லியின் விளம்பரம் சத்தமாக இருந்ததால் வரலாறு அதையே பிடித்துக்கொண்டது.

ஊமைப்படப்பித்தன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். லெம்லியே 1909 டிசம்பரில் லாரன்ஸ் தன்னிடம் வந்துவிட்டதை விளம்பரப்படுத்தியிருக்கிறார், ஆகவே மார்ச்சில்தான் பெயர் வெளியே வந்தது என்பதும் தப்பு. 'முதல் ஸ்டார்களில் ஒருவர்' என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கல்லறைக் கல்லில் 'முதல் சினிமா ஸ்டார்' என்றுதான் இருக்கிறது, ஆனால் அதை நட்டதே 1991ல், நடிகர் ராடி மெக்டவல் செலவில். அதுவரை ஐம்பது வருடத்துக்கு மேல் ஹாலிவுட்டில் பெயரில்லாத கல்லறை. பயோகிராஃபில் இருந்த கதைதான் செத்த பிறகும்.

பழையரீல்:
அப்போ முடிவு சோகம்தானா?

ஊமைப்படப்பித்தன்:
ஆமாம். 1912ல் லெம்லியின் ஆதரவோடு விக்டர் என்று கணவரும் அவரும் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள், நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில். நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு படப்பிடிப்பில் வைத்த தீ கைமீறிப் பரவி, சக நடிகரைக் காப்பாற்றப் போய்ப் பலத்த காயம். 1916ல் ஒரு முழுநீளப் படத்தோடு திரும்பி வந்தார், அது முடிந்ததும் உடம்பு படுத்துவிட்டது. அதற்குள் காலமும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. பயோகிராஃபில் அவருக்குப் பின்னால் வந்த நடிகை மேரி பிக்ஃபோர்ட் திரையுலகத்தையே ஆண்டுகொண்டிருந்தார். 1936ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ வாரம் 75 டாலருக்கு அவரைத் துணை வேடங்களுக்கு வைத்துக்கொண்டது. 1938 டிசம்பரில், தீராத நோயோடு இருந்தவர், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 52.

படங்கள் கிடைக்குமா என்று கேட்டீர்களே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிற்காலத்துப் படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, பெயர் போடாத பயோகிராஃப் படங்கள்தான் நிறைய மிஞ்சியிருக்கின்றன. 1912 வரை அமெரிக்கச் சட்டத்தில் சினிமாவுக்கென்று தனியாகப் பதிப்புரிமைப் பதிவு கிடையாது, புகைப்படமாகத்தான் பதியலாம். அதனால் சில கம்பெனிகள் முழுப் படத்தையும் நீளமான காகிதச் சுருளில் அச்சிட்டு அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் கொடுத்தார்கள். ஃபிலிம் எரிந்தும் மட்கியும் போனது, காகிதம் தங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து கெம்ப் நைவர் என்பவர் அவற்றை ஒவ்வொரு பிரேமாக மறுபடி ஃபிலிமுக்கு மாற்றினார். நடுநடுவே கதையும் வசனமும் எழுதிக் காட்டும் தலைப்பு அட்டைகள் பலவற்றில் இருக்காது, கதை புரியாமல் முழிப்பீர்கள், அதற்குத் தயாராகப் பாருங்கள். ஜோன்ஸ் காமெடிகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

பழையரீல்:
ஒன்று பார்த்தேன். ஜோன்ஸின் மனைவியாக வருபவர்தானே அவர்? வீடியோவில் காட்டிய ஸ்டில்லில் வேறு மாதிரி இருந்தார்.

கியர்பாக்ஸ்:
அந்த ஸ்டில் ஃப்ளாரன்ஸ் டர்னராக இருக்கும். அதனால்தான் வீடியோக்காரர்களை நம்பாதீர்கள் என்கிறேன்.