அப்பாயி காரியம் (குடும்பக் குழு)

கவிதா: செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பதினாறாம் நாள் பத்திரிகைக்கு அப்பாயி படம் இன்னும் வரவில்லை. 7 மணிக்குக் கடையை மூடிவிடுவார்களாம். பிரபு அண்ணா?

பிரபு: ஏற்காட்டில் மழை கொட்டுகிறது. எஸ்டேட் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து மூன்று முறை அனுப்பிவிட்டேன். 60 எம்பி. பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

சரோஜா அத்தை: எந்தப் படம்? கண்ணாடி போட்டதா?

பிரபு: போடாதது அத்தை.

சரோஜா அத்தை: அம்மா கண்ணாடி இல்லாமல் வாசலுக்குக்கூட வந்ததில்லை.

பெரியப்பா: அப்பாவுக்குப் பிடித்த படம் அதுதான். இருக்கட்டும்.

கவிதா: ஏதாவது ஒன்று வரட்டும் பெரியப்பா. இப்போதுதான் அண்ணாவோடு வாட்ஸ்அப்பில் பேசினேன், குரல் நன்றாகத்தான் கேட்டது. படம் மட்டும் ஏன் போகவில்லை?

மணி சித்தப்பா: சொல்கிறேன் கவிதா. எஸ்டேட்டுக்குக் கேபிளும் இல்லை, டவரும் எட்டாது. மாடியில் இருக்கும் டிஷ் வழியாகத்தான் இணையம். அது பார்க்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. படமோ குரலோ, சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். நாம் அனுப்பும் ஒரு துண்டு மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் நொடி. ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. குரலில் ஒரு துண்டு தொலைந்தால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை, பேச்சு மேலே போய்விடும். படத்தில் அப்படி விட முடியாது. தொலைந்த துண்டை மறுபடி அனுப்பியே ஆக வேண்டும்.

செல்வி சித்தி: பந்திக்கு இலை 300 சொல்லவா, 400 சொல்லவா?

பெரியப்பா: 400.

சரோஜா அத்தை: 300 போதும். மழையில் யார் வரப்போகிறார்கள்?

பிரபு: அரை நொடிதானே சித்தப்பா? நான் ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்.

மணி சித்தப்பா: அங்கேதான் விஷயம். துண்டு தொலைந்தால் டிசிபி என்ற அனுப்பும் முறை, வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். 1988இல் வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொண்டுவந்த ஏற்பாடு அது. தரைவழி இணையம் முடங்காமல் நிற்பதற்கு அதுதான் காரணம், நல்ல ஏற்பாடு. ஆனால் துண்டு தொலைந்தது மழை சிக்னலை மங்கச் செய்ததால் என்று அதற்குத் தெரியாது. கணக்கைப் பார். 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) இணைப்பை நிரப்ப, பதில் வருவதற்குள் 400 துண்டுகளாவது வானத்தில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்ததும் 200 ஆகிவிடும். பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிலுக்கும், அதாவது அரை நொடிக்கு ஒன்றாகத்தான் கூட்டும். பழைய வேகத்துக்கு வர 100 நொடி! தரைவழியில் 20 மில்லிநொடியில் பதில் வந்தால் அதே 200ஐ நான்கே நொடியில் ஏற்றிவிடும். இங்கே 100 நொடிக்குள் இன்னொன்று தொலைந்தால் மறுபடி பாதி.

சரோஜா அத்தை: மணி சின்ன வயதிலும் இப்படித்தான். அப்பா உப்பு எடுத்து வா என்றால் தூத்துக்குடியிலிருந்து ஆரம்பிப்பான்.

மணி சித்தப்பா: காரணம் தெரிந்தால்தான் அக்கா வழி தெரியும். மொய் நோட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம் இல்லையா? மை கலைந்து ஒன்று அழிந்தாலும் இன்னொன்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், மொய் வைத்தவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டாம். அதுபோலக் கொஞ்சம் கூடுதல் தகவலைச் சேர்த்தே அனுப்பினால் வாங்கும் இடத்திலேயே பிழையைத் திருத்திக்கொள்ளலாம். 1960இல் ரீட், சாலமன் என்ற இருவர் கொடுத்த முறை ஒன்று உண்டு. சிடி தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடியது அதனால்தான். டிஷ் மோடமிலும் இந்த வகைத் திருத்தம் இருக்கிறது. சாரல் வரை தாங்கும். இப்படிக் கொட்டினால் பிழை அதன் கையை மீறிவிடும்.

சரோஜா அத்தை: மொய் நோட்டு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. பிரபு கல்யாணத்தில் நான் வைத்தது 5,001. நோட்டில் எழுதியது 501. எழுத்தாலும் ஐந்நூற்று ஒன்றுதான்.

பெரியப்பா: சரோஜா, காரியம் முடியட்டும்.

சரோஜா அத்தை: ஆறு வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள் அண்ணா.

செல்வி சித்தி: அண்ணி, நாளைக்கு நேரில் பேசலாம். இலைக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.

கவிதா: சித்தப்பா, இப்போது என்ன செய்வது? மணி 6:20.

பிரபு: பென் டிரைவில் போட்டுக்கொண்டு நானே இறங்கட்டுமா?

பெரியப்பா: மழையில் 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியைத் தொடாதே.

மணி சித்தப்பா: வேண்டாம் பிரபு. பத்திரிகையில் உள்ளங்கை அளவு படம், அதற்கு 60 எம்பி தேவையில்லை. ஜேபெக் ஆக்கி 3 எம்பிக்குக் குறை. துண்டு குறைந்தால் தொலைவதும் குறையும், நின்றாலும் 3 எம்பிதான் மறுபடி போக வேண்டும். முழுப் படம் கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்தைந்து எம்பியாகப் பிரித்து அனுப்பு, போனது போனதாகவே இருக்கும். இன்னொன்று, மழை ஓயும் வரை பொறு. கொட்டும் நேரத்தில் அனுப்பிப் பார்ப்பதால் பயனில்லை.

பிரபு: குறைத்துவிட்டேன். 2.8 எம்பி. மழையும் கொஞ்சம் விட்டிருக்கிறது.

பிரபு: போகிறது.

கவிதா: வந்துவிட்டது! அப்பாயி சிரிக்கிற மாதிரியே இருக்கிறது.

பெரியப்பா: அப்பா எடுத்த படம் அம்மா அது.

சரோஜா அத்தை: கண்ணாடி போட்டதையும் அனுப்பு பிரபு. இரண்டையும் பார்த்துச் சொல்கிறேன்.

கவிதா: அத்தை, மணி 6:40.

பிரபு: அனுப்புகிறேன் அத்தை, இன்னும் ஐந்து நிமிடம்.

செல்வி சித்தி: இலைக்காரர் போனில் இருக்கிறார். 300ஆ, 400ஆ?