சூப்பர் மெட்ராய்டை இன்றும் அசல் கன்சோலில்தான் ஆட வேண்டுமா?

கேள்வி

பல ஆண்டுகளாகக் கன்சோல் கேம்கள் ஆடிவரும் எனக்கு, 1994இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வெளிவந்த ‘சூப்பர் மெட்ராய்டு’ இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. ஆழமான ஒரு குழிக்குள் இறங்கி, மேலே ஏற வழி தெரியாமல் நிற்கும்போது, அங்கிருக்கும் மூன்று சிறு விலங்குகள் சுவருக்குச் சுவர் உதைத்துத் தாவி ஏறிக் காட்டும். ‘நீயும் இப்படிச் செய்’ என்று திரையில் ஓர் எழுத்துகூட வராது. பார்த்துக்கொண்டே இருந்தால் தானாகப் புரியும். ஆடுபவரின் அறிவை இந்த அளவுக்கு நம்பிய ஆட்டத்தை நான் அதிகம் கண்டதில்லை. அடுத்தபடியாக ‘க்ரோனோ ட்ரிகர்’, செகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் ‘சோல் கேலிபர்’.

அசல் கன்சோலும், ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் புதிய டிவியில் இணைத்தால் படம் மங்கலாகத் தெரிகிறது. பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்தே ஆட்டத்தின் நாயகி சாமுஸ் குதிக்கிறாள். சுவர்த் தாவலுக்கு அந்த ஒரு கணமே போதும், கைகூடாமல் போக. பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டருக்கு மாறிவிடலாமா, அல்லது அசலையே சரிசெய்து வைத்துக்கொள்வது தகுமா? உங்களுக்குப் பிடித்த ஆட்டங்களை எதில் ஆடுகிறீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1

தாமதம் கன்சோலால் வருவதல்ல. அமெரிக்கா, ஜப்பானின் டிவி முறையான என்டிஎஸ்சி வகைச் சூப்பர் நின்டெண்டோ, பெரும்பாலான ஆட்டங்களில் 224 வரிகள் கொண்ட முழுப் படத்தை நொடிக்குச் சுமார் 60 முறை அனுப்புகிறது. புதிய டிவிகள் பலவும் இதை, ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வரும் 480 வரி இன்டர்லேஸ் சிக்னல் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத பாதிப் படத்தைத் தேடிக் கோத்து, அதன் பிறகே பெரிதாக்குகின்றன. உங்கள் விரலுக்கும் சாமுஸுக்கும் இடையில் நுழைவது இந்த வேலைக்கு ஆகும் நேரம். வரி வந்த உடனேயே அதைப் பெருக்கி அனுப்பும் ஓஎஸ்எஸ்சி போன்ற கருவியை நடுவில் வைத்தால், டிவியின் சொந்தத் தாமதம் மட்டுமே மிஞ்சும்.

ஆனாலும் நான் பழைய படக்குழாய் டிவியைத்தான் பரிந்துரைப்பேன். செகாவின் மெகா டிரைவ் கன்சோலில் ‘சோனிக்’ ஆட்டத்தின் முதல் கட்டத்தின் அருவியை உற்றுப் பாருங்கள். அந்தக் கன்சோலால் ஒரு நிறத்தின் மீது இன்னொன்றை ஒளி ஊடுருவும்படி வைக்க முடியாது என்பதால், ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சலாகச் செங்குத்துக் கோடுகள் வரைந்திருப்பார்கள். கூர்மையான திரையில் அது வெறும் கம்பி வேலி. முழுப் படத்தையும் ஒரே சிக்னலாகக் கலந்து அனுப்பும் காம்போசிட் கம்பி வழியே படக்குழாய் டிவிக்குச் சென்றாலோ, கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் தண்ணீராகிவிடும். ஓவியர் அந்தக் கலங்கலையும் கணக்கில் கொண்டே வரைந்திருக்கிறார். துப்பாக்கி வடிவக் கருவியைத் திரையை நோக்கிப் பிடித்துச் சுடும் ‘டக் ஹன்ட்’ போன்றவை பழைய டிவி இல்லாமல் இயங்கவே இயங்கா.

பதில் 2

படத்தைப் பற்றி மேலே சொன்னவர் சரியாகவே சொன்னார். ஆனால் எனக்கு அசல் கன்சோல் வேண்டியிருப்பது ஒலிக்காக. சூப்பர் நின்டெண்டோவின் ஒலிப் பகுதியை வடிவமைத்தவர், பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய சோனியின் கென் குடராகி. எட்டுத் தடங்கள், 64 கேபி நினைவகம். இசைக்கருவிகளின் பதிவுகள், எதிரொலி எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். சூப்பர் மெட்ராய்டின் குகைகளில் ஒலிக்கும் அந்த அமுங்கிய இசை இந்த நெருக்கடியில் பிறந்தது. மெகா டிரைவின் யமஹா சிப்போ, பதிவுகளை அதிகம் நம்பாமல், ஒலியைத் தானே கணக்கிட்டு உண்டாக்குவது. இசையமைப்பாளர் யூசோ கோஷிரோ ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2’இல் அதை வேலை வாங்கியிருக்கும் விதம்தான் எனக்கு உச்சம். முதல் மாடல் மெகா டிரைவின் முகப்பிலேயே ஹெட்போன் துளை உண்டு. அதில் செருகிக் கேளுங்கள்.

துல்லியமான எமுலேட்டர்கள் இன்று இவை எல்லாவற்றையும் ஏறத்தாழ அப்படியே தருகின்றன. அசல் கிடைக்காதவர்கள் தயங்காமல் அவற்றில் ஆடலாம்.

பதில் 3

ஒன்றை யாரும் சொல்லவில்லை. உங்கள் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சேமிப்பு, ஒரு சிறு பேட்டரியின் தயவில் நிற்கிறது. அது தீர்ந்தாலும் கழற்றினாலும் சேமித்தவை அனைத்தும் அழிந்துவிடும். எனவே முதலில் கேட்ரிட்ஜ் ரீடர் ஒன்றால் சேமிப்பைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள். பிறகு தகடு பொருத்திய சிஆர்2032 பேட்டரியைச் சால்டர் செய்து மாற்றி, நகலைத் திரும்ப ஏற்றுங்கள். கேட்ரிட்ஜ் இயங்காவிட்டால் வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள்.