எந்தக் கையை உயர்த்தினார்கள்? நாம் பார்த்த தீர்ப்புகள்

வெள்ளவத்தையிலிருந்து:

2017 செப்டெம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை காலை. லாஸ் வேகாஸுக்கும் எங்களுக்கும் பன்னிரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே சனி இரவு பெரிய குத்துச்சண்டை தொடங்கும்போது இங்கே வீடுகளில் பாணும் பருப்பும் மேசைக்கு வந்திருக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் சலூனில் கூடியிருந்தோம். கென்னடி கோலொவ்கினும் கனெலோவும் மோதிய முதல் சண்டை அது.

சலூன் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணி அடித்ததும் டீவியின் சத்தத்தை நிறுத்திவிடுவார். வர்ணனையாளரின் குரல் நம் கையைப் பிடித்து இழுத்துவிடும், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்பார். அன்று கதிரையில் சவரத்துக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிட இடைவேளையில் மட்டும் கத்தியை எடுத்தார். ஒரு கன்னம் நாலாவது சுற்றோடு முடிந்தது. மற்றக் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துபோக, மறுபடி பிரஷை நனைத்துத் தடவினார். அந்த மனிதரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்த சண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் பன்னிரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். கணக்கு எளிது: சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்து எழும்பினால் 8. என் தாளில் 115-113 கோலொவ்கினுக்கு. அண்ணனுடைய கணக்கு 116-112. மூலையில் நின்ற ஏ லெவல் படிக்கும் தம்பி மட்டும் சமன் என்றான். அதையும் மறுக்க முடியாது, கனெலோ கடைசி மூன்று சுற்றையும் நன்றாகவே அடித்தார்.

அப்புறம் தீர்ப்பு வந்தது. ஒரு நடுவர் 115-113 கோலொவ்கினுக்கு, இன்னொருவர் 114-114. மூன்றாவது நடுவர் அடலெய்ட் பேர்ட் போட்டது 118-110, அதுவும் கனெலோவுக்கு! பன்னிரண்டில் பத்துச் சுற்றைக் கனெலோ வென்றார் என்று அதற்கு அர்த்தம். நாங்கள் யாருடைய தாளைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் பத்துச் சுற்று கிடைக்கவில்லை. சமநிலை என்று அறிவித்தது எனக்குப் பெரிய வருத்தமில்லை, அந்த 118 தான் இன்றைக்கும் வயிற்றில் எரிகிறது. ஒரு சுற்று கூடக் குறையப் போடுவது மனித இயல்பு. பத்துச் சுற்று வேறு கதை.

அதற்காக எல்லாத் தீர்ப்பையும் ‘கொள்ளை’ என்று கத்துகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 2024 மே மாதம் ரியாத்தில் உசிக்கும் ஃபியூரியும் மோதியது இங்கே விடியப்புறம். ஒன்பதாம் சுற்றில் ஃபியூரி கயிற்றில் இருந்து கயிற்றுக்குத் தள்ளாடினார், ரிங்குக்குள் நிற்கும் மத்தியஸ்தர் நடுவில் புகுந்து, அவர் விழுந்ததாகவே கணக்கிட்டு எண்ணினார். ஃபியூரி ரசிகர்கள் அந்த எண்ணிக்கையே பிழை என்றார்கள். உசிக் ரசிகர்களோ, விட்டிருந்தால் அங்கேயே நொக்கவுட் ஆகியிருக்கும், மத்தியஸ்தர்தான் காப்பாற்றினார் என்றார்கள். தாளை எடுத்துப் பாருங்கள்: 115-112, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃபியூரிக்கு. எண்ணியதால் ஃபியூரிக்கு அந்தச் சுற்றில் 9 இல்லாமல் 8. அந்த ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் நடுத் தாள் 114-114 ஆகும், முழுச் சண்டையும் சமநிலையில் முடிந்திருக்கும். உலகின் ஹெவிவெயிட் பட்டங்கள் எல்லாம் அந்தச் சில விநாடிகளில் தொங்கியிருக்கின்றன. கத்துவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்த்தால் எவ்வளவு விளங்குகிறது!

சண்டைக்கு முந்திய வாரங்களின் வாக்குவாதமும் எனக்குப் பிடிக்கும். 2025 இல் க்ரோஃபர்ட் 154 இறாத்தலில் இருந்து 168 இறாத்தலுக்கு ஏறிக் கனெலோவைச் சந்திக்கப் போகிறார் என்றதும் சலூன் இரண்டாகப் பிரிந்தது. பதினாலு இறாத்தல் விளையாட்டில்லை, கனெலோவின் ஒரு ஹூக் விலாவில் விழுந்தால் தெரியும் என்று நான் நின்றேன். “கைக்குத்தான் பாரம் தம்பி, கண்ணுக்கும் காலுக்கும் இல்லை” என்றார் அண்ணன். 116-112, 115-113, 115-113. க்ரோஃபர்ட் வென்றார், அண்ணன் சொன்னது சரி.

நீங்கள் கிட்ட நின்று பார்த்த தீர்ப்பு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். டீவியில் பார்த்ததை விட, ரிங் பக்கத்தில் நின்று பார்த்தது இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஐயா:

தம்பி, நான் சில ஆண்டுகள் பாடசாலைச் சண்டைகளுக்கு நடுவராக இருந்தவன். நீங்கள் நடுவரைத் திட்டுவதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

உங்களுக்கு நாலைந்து கமரா. எனக்கு ஒரு கதிரை, அதை நகர்த்தவும் கூடாது. என் கண்ணுக்கு நேரே நடுக் கயிறு. பையன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அவனுடைய பனியன்தான் தெரியும், குத்து விழுந்ததா தடுக்கப்பட்டதா என்று தெரியாது. அந்த நேரம் காதால் பார்க்கப் பழகவேண்டும். கையுறை கையில் பட்டால் மொத்தமான சத்தம், முகத்தில் பட்டால் ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி இருக்கும். அதற்குள் பழைய மாணவர்கள் கூட்டம் ஒவ்வொரு வீச்சுக்கும் எழுந்து கூச்சல் போடும். காற்றில் போன குத்துக்கும் அதே கூச்சல். நடுவர்களை வெவ்வேறு பக்கம் உட்கார வைப்பதே இதற்காகத்தான், ஒருவர் காணாததை மற்றவர் காண்பார் என்று. ஆகவே இரண்டு தாள் ஒத்துப்போகாததைப் பார்த்தவுடனே ‘காசு வாங்கிவிட்டார்கள்’ என்று சொல்லாதீர்கள்.

சரி, ஆனால் சிலதை நானும் காப்பாற்ற வரமாட்டேன். 1999 மார்ச், மெடிசன் ஸ்குவேர் கார்டனில் லெனொக்ஸ் லூயிஸும் ஹோலிஃபீல்டும். ஐந்தாம் சுற்றில் லூயிஸ் அவரைக் கயிற்றோடு வைத்து அடித்தார். அந்தச் சுற்றை ஒரு நடுவர் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தார். முதுகு மறைத்தது, கயிறு மறைத்தது என்று எதைச் சொன்னாலும் அந்தச் சுற்றுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. அதுவும் சமநிலை என்றே முடிந்தது. நவம்பரில் மறுபடி மோதி லூயிஸ் வென்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே 1988 சியோல் ஒலிம்பிக். ரோய் ஜோன்ஸ் 86 குத்து இறக்கினார், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தீர்ப்பு 3-2 பார்க்குக்கு. அந்த ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த வீரருக்கான வால் பார்க்கர் கிண்ணத்தை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள், தங்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. அந்த வெட்கத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் கணினிப் பொத்தான் வந்தது. ஐந்து நடுவரில் மூன்று பேர் ஒரு விநாடிக்குள் அழுத்தினால்தான் ஒரு குத்து குத்தாகும். களவு குறையும் என்று நம்பினோம். நடந்தது என்ன? வயிற்றுக்கு விழும் குத்தை யாரும் நேரத்துக்கு அழுத்தவில்லை. பையன்கள் வயிற்றுக்கு அடிப்பதையே விட்டுவிட்டுத் தூரத்தில் நின்று தொட்டுத் தொட்டு ஓடப் பழகினார்கள். எங்களிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடமும் அதை நான் கண்டேன். பழைய பயிற்றுநர்கள் சிட்னியில் 1938 பேரரசு விளையாட்டில் சிலோனுக்குத் தங்கம் எடுத்த பார்னி ஹென்ரிக்கஸின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். பொத்தான் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் போய்ச்சேரவில்லை. 2013 இல் பொத்தானை விட்டுப் பத்துப் புள்ளி முறைக்கு மாறிவிட்டார்கள்.

பார்க் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. அந்தத் தங்கத்தோடு அவர் போட்டிகளில் இறங்குவதை நிறுத்திக்கொண்டார். 2023 இல் அந்த மெடலை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஜோன்ஸின் ஊருக்கே போய், “இது உங்களுடையது” என்று கொடுத்தார். 35 ஆண்டு கழித்து. அந்த வீடியோவைப் பார்த்து நான் அழுதேன்.

தெஹிவளையிலிருந்து ஓர் அக்கா:

ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கதிரைப் பக்கத்துக் கதையை நான் கேட்டதே இல்லை.

என் மகள் மூன்று வருடமாகப் பழகுகிறாள். போன வருடம் ஒரு போட்டி, கொழும்பிலேதான். மூன்று சுற்றிலும் அவள்தான் முன்னுக்குப் போனாள் என்று எனக்குத் தெரிந்தது. மத்தியஸ்தர் மற்றப் பிள்ளையின் கையைத் தூக்கினார். நான் செருப்பைக்கூடப் பார்க்காமல் மேசைப் பக்கம் ஓடினேன். நடுவழியில் மகள் வந்து, கையில் துணிப்பட்டி இன்னும் அவிழ்க்காமல், என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அம்மா, இரண்டாவது ரவுண்டில் நான் கையைக் கீழே விட்டேன். வாங்க போவோம்.” நான் பார்த்தது என் பிள்ளையை மட்டும்தான், மற்றப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லை என்று பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது.

ஆனாலும் இந்தியாவின் சரிதா தேவியை யாரும் மறக்கவேண்டாம். 2014 இன்சொன் ஆசிய விளையாட்டு, அரையிறுதி. கொரியப் பெண்ணை அவர் அடித்த அடியை உலகமே பார்த்தது, தீர்ப்பு 3-0 எதிராக. மேடையில் வெண்கலத்தைக் கழுத்தில் போட விடாமல் கையில் வாங்கி, அழுதுகொண்டே கொண்டுபோய் அந்தக் கொரியப் பெண்ணின் கழுத்திலேயே போட்டார். அதற்கு அவருக்கு ஒரு வருடத் தடை. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்கு வந்ததே 2012 இல்தான். அதற்குள் ஒரு பெண் இப்படி நின்று அழவேண்டி வந்தது. தடை போட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வெள்ளவத்தைத் தம்பியிடம் ஒரு கேள்வி. எல்லாரிடமும் கேட்கிறீர்களே, நீங்கள் கயிற்றுக்குள் இறங்கியிருக்கிறீர்களா?

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடி:

அக்கா, இறங்கியிருக்கிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஐயா பார்க்கின் கதையைச் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பதினாறு வயது. பாடசாலைகளுக்கு இடையிலான போட்டி, அரையிறுதி. எதிரே வந்தவன் இடது கைக்காரன், சிங்களப் பையன், என்னை விட ஒரு வயது கூட. தலைக்கவசம் காதை அழுத்திக்கொண்டு இருந்ததால் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. முதல் சுற்று என்னுடையது, அதில் சந்தேகமில்லை. இரண்டாம் சுற்றில் அவன் தூரத்தைப் பிடித்துக்கொண்டான். நான் ஜப் போடக் கையை நீட்டும் ஒவ்வொரு தரமும் அவனுடைய இடது கை என் கைக்கு மேலால் வந்து மூக்கில் விழுந்தது. வசலினும் இரத்தமும் கலந்த ருசி இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. மூன்றாம் சுற்றில் நான் விழாமல் நின்றேன், அவ்வளவுதான்.

மத்தியஸ்தர் நடுவில் நின்று எங்கள் இருவரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் என் கையைத் தளர்வாக விட்டிருந்தேன், தோற்றவனுடைய கை அப்படித்தான் இருக்கும். அந்தக் கைதான் மேலே போனது.

எங்கள் பக்கம் கூத்தாடியது. அவன் என்னைக் கட்டிப்பிடித்து, “ஹொந்தாய் மல்லி”, நல்லது தம்பி, என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. உடை மாற்றும் அறையில் அவனுடைய அப்பா ஒரு வாங்கில் உட்கார்ந்து அவனுடைய கையுறைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போய் இருந்தது போல, பல்லால் கடித்து இழுத்தார். அந்த அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நான் வெளியே வந்துவிட்டேன். இறுதிப் போட்டியில் தோற்று வெள்ளி எடுத்தேன். அடுத்த வருடம் பழகப் போகவில்லை. படிப்பு என்று வீட்டில் சொன்னேன். அந்தப் பதக்கத்தோடு மறுபடி அந்த ஹோலுக்குள் போக என்னால் முடியவில்லை என்பதுதான் காரணம்.

கோலொவ்கினுக்காகவும் லூயிஸுக்காகவும் எல்லாரும் கவலைப்படுகிறோம். அன்று கை உயர்த்தப்பட்டவனின் வீட்டில் இரவு எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை. நான் சண்டை பார்க்கும்போது தாளில் எழுதத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

போன வருடம் புறக்கோட்டையில் வயர் வாங்கப் போனேன். கடைக்காரர் வயரை முழங்கைக்கு முழங்கை அளந்து இடது கையால் வெட்டினார். கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பாடசாலைப் பெயரைச் சொன்னேன். அவர் கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்தார். “இரண்டாவது ரவுண்டும் மூன்றாவதும் எனக்கு, இல்லையா?” என்று கேட்டார். ஆம் என்றேன். பையனைக் கூப்பிட்டு இரண்டு பிளேன்டீ எடுத்துவரச் சொன்னார். அப்புறம் ஒன்றரை மணித்தியாலம் உசிக்கின் ஒன்பதாம் சுற்றைப் பற்றியே கதைத்தோம். மத்தியஸ்தர் எண்ணியது சரி என்பது அவருடைய வாதம், கயிறு இல்லாவிட்டால் ஃபியூரி விழுந்திருப்பார் என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சலூனுக்கு வருகிறார். பதக்கம் அம்மா வீட்டில், தையல் மெஷின் லாச்சிக்குள் கிடக்கிறது. அதைப் பற்றி அவரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.