சிங்கப்பூரில் ஓட்டுவதும் மலேசியாவில் ஓட்டுவதும்: எங்கே விதி கடுமை?

துவாஸ்காரன்:
இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலப்பக்கம், நடுவில் ஒரு கிலோமீட்டர் பாலம். இருந்தும் சிங்கப்பூரில் விதி இருக்கிறது, மலேசியாவில் பழக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சிங்கப்பூரில் காரோடு சிவப்பு விளக்கைத் தாண்டினால் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், கூடவே 12 தண்டப்புள்ளி. 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் முடக்கம். இரண்டே சிவப்பு விளக்கு, அப்புறம் எம்ஆர்டி ரயில்தான். மலேசியாவில் போலீஸ் சம்மனின் உச்சமே 300 ரிங்கிட். அதையும் 2025 முடிவுவரை, தள்ளுபடி வரட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்துப் பாதி விலைக்குக் கட்டினார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

ஜேபி மோட்டார்:
வந்தாச்சு. நீங்கள் சொல்வது தண்டனையின் கனம். விதி கடுமையா என்பது வேறு கேள்வி. குடித்துவிட்டு ஓட்டுவதையே எடுங்கள். சிங்கப்பூரில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம். மலேசியா 2020இல் அதை 50 ஆக இறக்கிவிட்டது. மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்ததும் 22 ஆனது. உட்லண்ட்ஸில் ஊதித் தப்பிக்கிற ஆள் அதே மூச்சோடு ஜோகூர் பாருவில் மாட்டுவார். சம்மன் விஷயத்திலும் பாதி உண்மைதான் சொல்கிறீர்கள். அவசரத் தடம், சிவப்பு விளக்கு, இரட்டைக்கோடு தாண்டுதல் மாதிரியான குற்றங்களைத் தள்ளுபடிப் பட்டியலில் பொதுவாகச் சேர்த்ததில்லை.

துவாஸ்காரன்:
மது வரம்பில் நீங்கள் சொல்வது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரம்பை வைத்து முழுச் சாலையையும் எடை போட முடியாது. பின்சீட் பெல்ட் சிங்கப்பூரில் 1993லிருந்து கட்டாயம், மலேசியாவில் 2009. பிள்ளை இருக்கை மலேசியாவில் 2020இல்தான் கட்டாயமானது. கண்ணாடிக் கறுப்பைப் பாருங்கள். சிங்கப்பூரில் முன் கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் 70 விழுக்காடு வெளிச்சம் விடவேண்டும், பின்பக்கம் 25. மலேசியாவில் முன் கண்ணாடிக்கு 70, முன் ஜன்னலுக்கு 50, பின்னால் 2019லிருந்து எவ்வளவு கறுப்பும் ஒட்டலாம். முன்னே போகிற வண்டியின் கண்ணாடி வழியாக அதற்கும் முன்னால் நடப்பதைப் பார்த்து ஓட்டுவது என்ற வழக்கமே அங்கே செத்துப்போய்விட்டது.

நெடுஞ்சாலை லாரி:
இருவரும் அபராதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். சாலையில் மாட்டிக்கொள்ள வைப்பது வேறு. சிங்கப்பூரில் எந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதைப் பெயிண்ட் சொல்லிவிடும். ஓரத்தில் ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 7 வரை நிறுத்தக்கூடாது. இரட்டைக் கோடு என்றால் எந்நேரமும் கூடாது. வளைந்து வளைந்து போகிற இரட்டை மஞ்சள் கோட்டில் ஆளை இறக்கிவிடக்கூட நிற்கக்கூடாது. பஸ் தடத்தில் மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் வார நாளில் காலை 6:30 முதல் 9:30 வரை, மாலை 5 முதல் 8 வரை மற்ற வண்டிகள் போகக்கூடாது. சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் திங்கள் முதல் சனி வரை காலை 7:30 முதல் இரவு 11 வரை. யூ-டர்ன் பலகை இருக்கும் இடத்தில் மட்டும்தான் யூ-டர்ன். பலகை இல்லையென்றால் நேரே போய்ச் சுற்றித்தான் வரவேண்டும்.

மலேசியாவில் அந்தப் பேச்சில் பாதியை வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. இருவழி பழைய சாலையில் முன்னே போகும் லாரி இடது சிக்னல் போட்டால் ‘எதிரே வண்டி இல்லை, தாண்டிப் போ’ என்று பொருள். வலது சிக்னல் என்றால் ‘இப்போது வராதே’. சட்டத்தில் இதற்கு இடமில்லை.

துவாஸ்காரன்:
அதைத்தானே ஆபத்து என்கிறேன்? அந்த லாரி உண்மையிலேயே செம்பனைத் தோட்டத்துக்குள் வலப்பக்கம் திரும்பப்போகிறதா, இல்லை எனக்கு எச்சரிக்கை சொல்கிறதா, எப்படித் தெரியும்?

நெடுஞ்சாலை லாரி:
பிரேக் விளக்கைப் பாருங்கள். திரும்புகிற லாரி வேகம் குறைத்து நடுக்கோட்டை ஒட்டி வரும். எச்சரிக்கிற லாரி வேகம் மாறாமல் தன் தடத்தில் இருக்கும். இரண்டும் தெளிவாகத் தெரியாவிட்டால் தாண்டாதீர்கள். இடது சிக்னலை மட்டும் நம்பிப் போவதும் தப்பு. லாரிக்காரருக்குத் தெரிகிற தூரம் உங்கள் காரின் வேகத்துக்குப் போதுமா என்று அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டார். சிக்னலைத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதியாக எடுக்காதீர்கள்.

ஹைபீம் சமாசாரமும் அப்படித்தான். எதிரே வருகிறவர் இரண்டு முறை மின்னினால் முன்னால் போலீஸ் சோதனை என்று பொருள். சந்திப்பில் மின்னினால் ‘நான் நிற்கப்போவதில்லை’. சிங்கப்பூர் ஓட்டுநர் அதை ‘நீ முதலில் போ’ என்று எடுத்துக்கொண்டு மூக்கை நீட்டினால் முன்பக்கம் நசுங்கும்.

ஜேபி மோட்டார்:
பழக்கம் எல்லாவற்றையும் நான் தாங்கிப் பேசவில்லை. மழையில் நாலு சிக்னலையும் போட்டுக்கொண்டு ஓடுகிறார்களே, அது சுத்த முட்டாள்தனம். பெரும்பாலான கார்களில் ஹசார்ட் எரியும்போது தடம் மாற சிக்னல் போட்டால் பின்னால் வருபவருக்குத் தெரியாது. நின்றுபோன வண்டி எது, ஓடுகிற வண்டி எது என்பதும் தெரியாது. மழைக்கு வேண்டியது ஹெட்லைட்டும் கூடுதல் இடைவெளியும்தான்.

ஆனால் சிங்கப்பூர்க்காரர்கள் வட-தென் நெடுஞ்சாலைக்கு வந்ததும் செய்வது என்ன? அங்கே 80, 90 வரம்பில் பழகிய கால் இங்கே 110 பலகையைப் பார்த்ததும் 150 போகிறது. இல்லாவிட்டால் வலது ஓரத் தடத்தில் 95இல் குடியிருக்கிறது. இரண்டும் விதிமீறல்தான். தாண்டி முடித்தால் இடப்பக்கம் வரவேண்டும் என்பது உங்கள் விரைவுச்சாலைக்கும் உண்டே!

துவாஸ்காரன்:
தடத்தை அடைத்துக்கொண்டு போவது தப்புதான். ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்? 110இல் ஒரு நொடிக்கு முப்பது மீட்டர் ஓடுகிறோம். இரண்டு நொடி இடைவெளி என்றால் 60 மீட்டர் வேண்டும். சிங்கப்பூரின் 90க்கு 50 மீட்டர் போதும். இங்கே பழகிய இடைவெளியை அங்கே அப்படியே வைத்தால் போதாது. அதைச் சரியாக விட்டால் உடனே இரண்டு கார் நடுவில் நுழைகிறது.

ஜேபி மோட்டார்:
நுழையட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இடைவெளி திரும்ப வரும். கோலாலம்பூர் போய்ச் சேர்வதில் சில நொடிதான் தாமதம்.

மூணாவது கியர்:
குறுக்கே ஒரு கேள்வி. சிங்கப்பூர் காரில் முதல் தடவை அந்தப்பக்கம் போகிறவர்கள் அதிகம் மாட்டுவது எதில்?

நெடுஞ்சாலை லாரி:
பெட்ரோல் மீட்டரில். சிங்கப்பூர் பதிவெண் கார் வெளியேறும்போது டாங்கில் முக்கால் பங்காவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. எட்டுக் கட்டம் காட்டும் மீட்டரில் ஆறு எரியவேண்டும். வரிசையில் இரண்டு மணி நேரம் ஏசியோடு நின்றால் ஒரு கட்டம் அணைந்துவிடக்கூடும். சரியாக முக்கால் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்தப்பக்கம் விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) ஒட்டுவில்லை இல்லாமல் போனால் 300 ரிங்கிட், இது 2025 ஜூலை 1 முதல் கறாராக நடக்கிறது. நுழையும் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். பெட்ரோல் பங்கில் மஞ்சள் கைப்பிடியைத் தொடாதீர்கள். அது ரான்95 ரகப் பெட்ரோல், வெளிநாட்டுப் பதிவெண் கார்களுக்கு 2010லிருந்தே கிடையாது. ரான்97 போடுங்கள்.

ஜேபி மோட்டார்:
எதிர்த்திசைக்கும் சொல்லிவிடலாம். மலேசியக் கார் சிங்கப்பூருக்குள் வார நாளில் ஓடினால் நாளுக்கு 35 வெள்ளி. ஆண்டில் 10 நாள் இலவசம், மாலை 5 முதல் அதிகாலை 2 வரை இலவசம், சனி ஞாயிறும் இலவசம். சிங்கப்பூரில் கட்டாத அபராதம் இருந்தால் 2019லிருந்து நுழைவையே மறுக்கலாம். ‘மலேசியக் கார் தப்பிவிடும்’ என்ற பழைய பேச்சு இனி செல்லாது.

துவாஸ்காரன்:
சரி, மோட்டார்சைக்கிளுக்கு வாருங்கள். கார் ஓட்டுபவர் கண்ணுக்கு எங்கே பைக் வரும் என்பதில்தான் பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

ஜேபி மோட்டார்:
இதில் மலேசியாவுக்கு ஒரு பெருமை உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே பைக்குக்கென்று தனித்தடம் போட்டார்கள். சிங்கப்பூரில் இன்றுவரை அப்படி ஒன்று இல்லை. ஆனால் வட-தென் நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் தனித்தடம் கிடையாது, பைக்குக்கு டோலும் கிடையாது. அதனால் பைக்குகள் அவசரத் தடத்தை ஒட்டியே ஓடும், மழை வந்தால் பாலத்தின் அடியில் ஒதுங்கி நிற்கும். உங்கள் கார் நின்றுபோனால் பின்னால் வரும் முதல் ஆபத்து பெரும்பாலும் பைக்காகத்தான் இருக்கும். முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்குங்கள், ஹசார்ட்டைப் போடுங்கள் (இதற்குத்தான் அது இருக்கிறது). எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டு போன் பண்ணுங்கள். காருக்குள் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

துவாஸ்காரன்:
பைக் தடத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். அபராதத்தில் என் கட்சி மாறவில்லை.